மண் அறை விஜயகுமாரி

எங்கள் இயற்கை வைத்திய நிலையத்தில் பஞ்சபூதங்களுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறோம். மண்ணுக்கு ஓர் அறை. தண்ணீருக்குத் தொட்டிகள் வைத்த ஓர் அறை. நெருப்புக்கு, வெயில் காய்கிற மொட்டை மாடி. காற்றுக்கு மூச்சுப் பயிற்சிக் கூடம். ஆகாயத்துக்கு? பட்டினி. வயிற்றில் காலியாக இருக்கிற இடம்தான் ஆகாயம் என்று டாக்டர் ஹரிகிருஷ்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுப்பார். அப்படியானால் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆகாயத்தில்தான் குடியிருக்கிறார்கள் என்று சமையல்கட்டில் ஒரு கிண்டல் உண்டு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பு நடுவில் இருக்கிறது நிலையம். நான் அங்கே வரவேற்பு மேஜையில் உட்காருகிறவன். பெயர் கலையரசன். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறேன். ஊழியர்களுக்குள் ஆளுக்கொரு பூதத்தின் பெயர் வைத்திருந்தோம். பாய்லர் பார்க்கிற மோசஸ் 'நெருப்பு'. வாய் ஓயாமல் பேசுகிற நான் 'காத்து'. விஜயகுமாரி அக்கா 'மண்ணு'. இதை அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றியும் நடுவில் வரும். வராமல் எழுதினால் அது பொய்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனைக்கல் நட்டுப் போன பிறகு வீட்டுக்காரர் தர்மராஜ் லாரிக்குப் போனார், அக்கா எங்களிடம் பெருக்கித் துடைக்க வந்தார். அப்போது வைத்தியத்துக்கான மண்ணை யாரோ மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்களாம். ஒருநாள் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா அதில் விரலை விட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, "இது சூளை மண்ணு. செங்கல்லு அறுக்கத்தான் ஆவும். இத்தப் போயி வயித்துல வைக்கிறாங்களே" என்று தன்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறார். டாக்டர் பின்னால் நின்று கேட்டுவிட்டார். நல்லவர், கோபப்படவில்லை. நல்ல மண் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக மண் அறை அக்காவுடையது.

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். சித்திரை கடைசியில் ஏரி வற்றியதும் நாலு ஆட்களோடு போய் நிற்பார். மேலே இரண்டடி மண்ணை வெட்டி ஒதுக்கச் சொல்வார். "அது ஊரு அழுக்கு, வேணாம்." அதற்குக் கீழே வருகிற கறுப்பு மண்ணைக் கையில் எடுத்து மோந்து பார்ப்பார். உரம் வாடை அடித்தால் அந்தக் குழியையே மூடச் சொல்வார். எடுத்த மண்ணை நாலு நாள் வெயிலில் பரப்பி, கட்டி தட்டி, வேர் பொறுக்கி, கம்பிச் சல்லடையில் இரண்டு தடவை சலித்து, பானையில் ராத்திரி முழுக்க ஊறவைப்பார். காலையில் மரக் கரண்டியால் கிண்டி, முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு. அது சரியென்று பட்டால்தான் ஈரத் துணியில் பரப்பி வந்தவர்களின் வயிற்றில், நெற்றியில், கண்ணில் வைப்பார். தலைவலியோடு வந்த ஒரு பெங்களூர் அம்மா கண்ணில் மண் பட்டியோடு இரண்டு மணிநேரம் குறட்டை விட்டுத் தூங்கியதை அக்கா வருஷக்கணக்காகச் சொல்லுவார்.

"இத்தினி வருசத்துல என் கைப்பட்டு ஒருத்தருக்காச்சும் கெட்டது ஆயிருக்கா? சொல்லு தம்பி" என்று கேட்பார். ஆனதில்லை. அது சத்தியமான உண்மை. ஏன் ஆகவில்லை என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்களிடம் வருகிற ஒவ்வொருவரையும் முதலில் டாக்டர் சோதிப்பார். ரத்தமும் பார்ப்பார்கள். அப்புறம் ஓர் அட்டையில் எந்தெந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதி என்னிடம் தருவார். சில அட்டைகளில் மூலையில் டிக் அடித்திருப்பார். அதில் நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சிவப்பு ஸ்டிக்கர் இருந்தால் மண் அறைக்கு அனுப்பக் கூடாது. உடம்பில் திறந்த புண் இருக்கிறவர்கள், தோல் கிழிந்தவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். பச்சைப் புண்ணில் மண் பட்டால் சீழ் வைத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் இதைச் சொல்லி, "ரூம் ஸ்டாஃப் எல்லாருக்கும் நீங்க விளக்கிடுங்க" என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால்.

நான் விளக்கவில்லை. அந்த மாதமே ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அக்காவே கேட்டார்: "அது இன்னா தம்பி செவப்பு ஸ்டிக்கரு? அந்த அட்டைக்காரங்க யாரும் என்கிட்ட வர்றதே இல்லையே?"

புதுசாக வந்தவன். எல்லோருக்கும் என்னைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை. வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் மண்ணுன்னா அருவருப்பு படுற ஆளுங்க அக்கா. பெரிய எடம். ஏரிச் சேத்தப் பூசிடுவாங்களோன்னு பயம்" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு புடவையைத் தூக்கியபடி நடக்கிற ஒரு சீமாட்டி போல நடந்தும் காட்டினேன். மோசஸுக்குப் புரை ஏறிவிட்டது. அக்கா சாப்பாட்டுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் அட்டையோடு யாராவது தாழ்வாரத்தில் போனால், "போவுது பாரு, மண்ணு ஆவாத மவராசி" என்று அக்கா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். நானும் சிமிட்டுவேன். அப்புறமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல தமாஷைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் வைகாசி. தர்மராஜ் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முட்டுக்காட்டிலிருந்து புதுப்பட்டினம் வரைக்கும் விடுதிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாகச் சர்க்கரை. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். செருப்புப் போட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று வெறுங்காலில்தான் ஓட்டுவார். பழைய லாரி. என்ஜின் சூட்டில் காலடித் தகடு கொதிக்கும். வேறு யாராக இருந்தாலும் சுருக்கென்று காலை எடுத்திருப்பார்கள். அண்ணனுக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்தது. அது அவருக்கே தெரியாது. நாள் முழுக்கத் தகட்டில் காலை வைத்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது வலது பாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வழன்று வந்தது.

மகள் துர்காதேவி சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். அவள் அன்றைக்கே சொன்னாள்: "நைனா, நாளைக்கி செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். சுகர் புண்ண வுடக் கூடாது."

"போனா கால எடுத்துருவாங்க" என்றார் அக்கா. அவர்கள் தெருவிலிருந்து போன இரண்டு பேர் ஒற்றைக் காலோடுதான் திரும்பினார்கள். முற்றிப் போன பிறகு போனார்கள், அதனால் எடுத்தார்கள். ஆனால் தெருவில் பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் கால் போனதும் மட்டும்தானே தெரியும்? அதிலும் வலது கால். ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால். அது போனால் லாரி போச்சு. லாரி இல்லாத தர்மராஜ் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே அக்காவால் முடியவில்லை. அந்தக் காலைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். காப்பாற்றும் பொருள் தன் கையிலேயே இருப்பதாக நினைத்தார். நெருப்பால் வந்தது, மண் அந்தச் சூட்டை இழுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வருஷம் கேட்டவர் அவர்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் தடுத்திருப்பார், தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போயிருப்பார். ஆனால் கேட்டால், நிலையத்து மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவது தெரிந்துவிடும். தானே தோண்டி, தானே சலித்த மண்ணை எடுக்க அக்காவுக்கு அவ்வளவு கூச்சம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு துண்டு சோப்புக்கூட எடுத்துப் போகாதவர்.

வேலை முடிந்து போகிறவர்களின் பையைப் பார்த்து அனுப்புவதும் என் வேலைதான். அடுத்த நாள் சாயங்காலம் அக்காவின் பையில் சாப்பாட்டு டப்பா கனமாக இருந்தது. திறந்தேன். குழைத்த மண்.

அக்கா முகம் சிவந்துபோய், "வூட்டுக்காரருக்குக் கால்ல கொஞ்சம் வீக்கம் தம்பி. டாக்டராண்ட சொல்லாத" என்றார்.

"நீங்க தோண்டுன மண்ணுதான, தாராளமா எடுத்துனு போங்க அக்கா. மண்ணு ஆவாத மவராசிங்களுக்கு மிச்சம் வச்சி இன்னா பண்ணப் போறோம்?" என்று சொல்லி டப்பாவை மூடிக் கொடுத்தேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைப்பு. புண்ணா, சுளுக்கா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினோரு நாள், தினமும் ஒரு டப்பா. பதினோரு நாளும் மூடியைத் திறந்து பார்த்து நான்தான் அனுப்பினேன்.

அக்கா முறையாகத்தான் செய்தார். வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரில் கழுவி, மண் பட்டி வைத்து, வெள்ளைத் துணியால் கட்டுவார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கட்டியதும், "எப்படிக் கீது?" என்று கேட்பார். "சில்லுனு கீது விஜயா" என்பார் அண்ணன். அதைக் கேட்டதும் அக்காவுக்குத் தெம்பு வந்துவிடும்.

நாலாம் நாள் வாடை அடித்தது. எங்கள் நிலையத்தில் பட்டினி இருக்கிறவர்களுக்கு மூன்றாம் நாள் வாய் நாறும், தலை வலிக்கும். பயப்படாதீர்கள், உள்ளே இருக்கிற கழிவு வெளியேறுகிறது என்று டாக்டர் சொல்லுவார். அக்காவும் அப்படியே நினைத்தார். கெட்டது வெளியே வருகிறது, அதுதான் நாறுகிறது. ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. பட்டினிக்காரர்களுக்கும் உடம்பு சுடுமே, அதுவும் நல்ல குறிதான் என்றார். துர்கா சத்தம் போட்டாள். "நீ பாக்குறது நல்லா இருக்குறவங்கள மா. டப்பு கட்டி ரெஸ்ட் எடுக்க வர்றவங்கள." அக்கா மகளை அடித்துவிட்டார். வளர்ந்த பெண்ணைக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டாம் நாள் காலையில் அக்கா வேலைக்கு வந்த பிறகு துர்கா தானே கட்டைப் பிரித்தாள். பாதம் கறுத்திருந்தது. கருமை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அண்ணனுக்கு நினைவு சரியாக இல்லை. அவள் ஆம்புலன்ஸை வரவழைத்துக் கொண்டுபோய்விட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். அக்கா மண் கையோடு என் மேஜையைத் தாண்டி ஓடியதைப் பார்த்தேன். அந்தக் கையைக் கழுவக்கூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மோசஸும் செங்கல்பட்டுக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, மூன்று நாள் போக வேண்டும், அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்களாம். அக்கா வார்டுக்கு வெளியே தரையில் ஒரு போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தார். மோசஸ் டீ வாங்கப் போனான். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் பேசினார். "டாக்டரம்மா நல்ல கால்ல ஊசியால குத்திப் பாத்தாங்க தம்பி. அந்தக் காலும் அவருக்குத் தெரியல. ரெண்டு காலும் மரத்து ரொம்ப நாளாச்சின்னாங்க. சூடு, குளிரு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம்."

"சரிக்கா."

"சில்லுனு கீதுன்னு சொல்லிக்கினே இருந்தாரே? பதினோரு நாளும் சொன்னாரே? எனக்காவ சொல்லிக்கினு இருந்திருக்காரு." அழவில்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு கேக்குறேன்" என்றார். "புண்ணுல மண்ணு இருக்குறதப் பாத்துட்டு அந்தம்மா திட்டுனாங்க. நான் சென்டர்ல வேலை செய்யிறன்னு சொன்னேன். 'அங்கயே புண்ணு இருக்குறவங்களுக்கு மண்ணு வைக்க மாட்டாங்களே, உனுக்குத் தெரியாதா'ன்னாங்க. நெசமா தம்பி? புண்ணோட வர்றவங்கள நான் பாத்ததே இல்லியே. அவுங்கல்லாம் எங்க போவாங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நம் இடத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வருவதில்லை அக்கா என்று சொன்னால் நம்பியிருப்பார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். அதுதானே பிரச்சினையே.

"செவப்பு ஸ்டிக்கர் அக்கா" என்றேன். "அவங்கதான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "மண்ணு புடிக்காதவங்கன்னு சொன்னியே?"

"தமாஷுக்குச் சொன்னேன்."

திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நானும் சிரிச்சேன்ல" என்றார். மோசஸ் கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

தர்மராஜ் அண்ணன் புதன்கிழமை போய்விட்டார்.

டாக்டர் ஹரிகிருஷ்ணனிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "நானும் எட்டு வருஷமா இந்த ஸ்டிக்கரைப் பத்தி அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டதில்லையே" என்றார். இப்போது மண் அறை வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மாட்டியிருக்கிறோம், யார் யாருக்கு மண் கூடாது என்று. மாட்டிய ஆணி புதிது. வேறென்ன சொல்வது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். போக்கிடம் ஏது? மகளோடு பேச்சு வார்த்தை கிடையாது, அவள் இப்போது கம்பெனி விடுதியில் தங்கிக்கொண்டாள். அக்கா பழையபடி மண் சலிக்கிறார், ஊறவைக்கிறார், மணிக்கட்டில் பூசிப் பார்க்கிறார். ஆனால் மண்ணை எடுப்பதற்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, படுத்திருக்கிறவரின் இரண்டு பாதத்தையும் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பார்க்கிறார். குதிகாலைத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளங்காலில் விரல் நகத்தால் மெல்லக் கீறி, "தெரியுதா? நெசமா தெரியுதா?" என்று கேட்கிறார். தெரிகிறது என்று சொன்னாலும் இன்னொரு தடவை கேட்கிறார். டெல்லிக்காரர் ஒருவர் இதென்ன காட்டுமிராண்டித்தனம் என்று ஆலோசனைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்தவரின் பாதத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

என்மேல் கோபமா என்று மோசஸ் ஒருநாள் அவரிடமே கேட்டிருக்கிறான். இல்லை என்றாராம். என்னோடு பேசாமலும் இல்லை. சாப்பாட்டில் ஊறுகாய் இருந்தால் எனக்கும் ஒரு துண்டு வைப்பார். சாப்பாட்டு மேஜையில் முன்போலச் சிரிப்பு கிடையாது, அவ்வளவுதான். 'காத்து' என்று இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

தினமும் காலையில் ஸ்டிக்கர் இல்லாத அட்டைகளை மண் அறைக்கு அனுப்புகிறேன். அக்கா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்து என் மேஜைக்கு வருகிறார். அட்டையை என் முன்னால் வைத்து, மூலையில் விரலை ஊன்றி, "இது நெசந்தான தம்பி?" என்று கேட்கிறார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். நான் டாக்டரின் குறிப்பை இன்னொரு தடவை எடுத்துப் படித்துவிட்டு, "நெசந்தான் அக்கா" என்கிறேன். எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த அட்டையோடு திரும்பி வருகிறார்.